எழுந்து வந்த காதலர்கள், செத்துப்போன சிரஞ்சீவி

ஷேக்ஸ்பியர் சொன்னது என்று நம்மிடையே புழங்கும் வாசகங்களில் பெரும்பாலானவை காதலையோ சாவையோ பற்றியவை. கல்யாணப் பத்திரிகை, நாட்காட்டி, இரங்கல் கூட்டம், பட்டிமன்றம், கல்லூரி ஆண்டு மலர் என எங்கும் அவை கைகொடுக்கும். எடுத்தாள்பவர் அந்த நாடகத்தைப் படித்திருக்க வேண்டியதில்லை. அதுவே அவற்றின் வசதி.

ஒரு எடுத்துக்காட்டு. சாவுக்கு அஞ்சுகிற கோழையை இகழ்ந்து ஜூலியஸ் சீசர் பேசும் பேச்சு வீரத்தின் இலக்கணமாக மேடைகளில் முழங்கப்படுகிறது. நாடகத்தில் அவன் அதைச் சொல்வது போர்க்களத்தில் அல்ல, வீட்டில், மனைவி கல்பூர்னியாவிடம். கெட்ட கனவு கண்டு கலங்கி, இன்றைக்கு வெளியே போக வேண்டாம் என்று அவள் மன்றாடுகிறாள். அவளை அடக்கத்தான் அந்த வீரவசனம். அன்றைக்கே அவன் குத்திக் கொல்லப்படுகிறான். நாடகத்தை முழுதாகப் பார்த்தவருக்கு அந்தப் பேச்சில் வீரத்தோடு இறுமாப்பும் கேட்கும். மனைவியின் அன்பைக் காதில் வாங்காதவனின் குரலும் கேட்கும்.

காதல், சாவு பற்றிய ஷேக்ஸ்பியர் வாசகங்களுக்குப் பொருள் கொடுப்பவை அவற்றுக்குப் பின் மேடையில் விழும் பிணங்கள். பிணத்தை அப்புறப்படுத்திவிட்டால் வாசகம் வெறும் பொன்மொழியாகிவிடும். இதைத் தாமே செய்து பார்த்து உணர்ந்தவர்கள் மைசூர் சமஸ்தானத்து நாடகாசிரியர்கள். 1889-ல் அவர்கள் செத்த காதலர்களை எழுப்பினார்கள். 1929-ல் சாகவே முடியாத ஒருவனைச் சாகடித்தார்கள். இந்த நாற்பது ஆண்டுகளுக்குள் நடந்த மாற்றத்தைப் புரிந்துகொண்டால் ஷேக்ஸ்பியரும் புரிவார், நம் மேடையும் புரியும்.

யார் வாயால் வந்தது?

நாடகாசிரியன் தன் குரலில் பேசுவதில்லை. ஷேக்ஸ்பியர் இறந்து ஏழு ஆண்டுகள் கழித்து, 1623-ல் வந்த தொகுப்பில் 36 நாடகங்கள் இருக்கின்றன. காதலைப் பற்றி அவற்றில் பேசுகிறவர்களில் ஏமாற்றுக்காரர் உண்டு, விடலைகள் உண்டு, கொலைகாரர் உண்டு, விதூஷகர் உண்டு. எவர் சொன்னாலும் நாம் ஆசிரியர் கணக்கில் எழுதிவிடுகிறோம்.

காதலுக்காக இதுவரை எவரும் செத்ததில்லை என்று கேலி பேசுபவள் ரோசலிண்ட். ஆண் வேடத்தில் காட்டில் திரியும் அவள், தன்னை அடையாளம் தெரியாத காதலன் ஆர்லாண்டோவிடம் அப்படிச் சொல்கிறாள். அவளோ அவன்மீது தலைகால் தெரியாத காதலில் இருக்கிறாள். வாய் ஒன்று சொல்ல உள்ளம் வேறொன்று சொல்வதுதான் அந்தக் காட்சியின் சுவை. காதலர்களின் சாவை நாடகமாக்கிய அதே ஆசிரியரின் பேனா இதையும் எழுதியிருக்கிறது. இரண்டில் எது ஷேக்ஸ்பியரின் கருத்து என்று கேட்பது வீண்.

ஒதெல்லோ தன்னை அளவுகடந்து காதலித்தவனாக வருணித்துக்கொள்ளும் பேச்சு காதலின் பெருமைக்குச் சான்றாகப் பல இடங்களில் காட்டப்படுகிறது. அதைச் சொல்லும்போது அவன் மூச்சுத் திணறடித்துக் கொன்ற மனைவி டெஸ்டிமோனா கட்டிலில் கிடக்கிறாள். குற்றவாளி தனக்குத் தானே எழுதிக்கொள்ளும் தீர்ப்பு அது. பேசி முடித்ததும் குத்திக்கொண்டு சாகிறான். மனைவியைக் கொன்ற கணவன் ‘அன்பு மிகுதியால் செய்துவிட்டேன்’ என்று சொல்வதை நாம் இன்றும் செய்தித்தாள்களில் படிக்கிறோம். அந்த வாசகத்தை வாழ்த்து அட்டையில் அச்சிடுபவர் எதை வாழ்த்துகிறார்?

வாழ்வதா சாவதா என்று ஹாம்லெட் தனியே பேசுவதாக நாம் நினைக்கும் காட்சியில் அவன் தனியாக இல்லை. மன்னனும் அமைச்சன் பொலோனியசும் மறைந்து நின்று ஒட்டுக்கேட்கிறார்கள். கையில் வழிபாட்டு நூலோடு அவன் காதலி ஒஃபீலியாவை அங்கே நிறுத்தியிருக்கிறார்கள், அவனைச் சிக்கவைக்க. சாவைப் பற்றிய அந்தச் சிந்தனை முடிந்த கணமே அவன் அவளைக் கடுஞ்சொற்களால் விரட்டுகிறான். பின்னர் அவள் சித்தம் கலங்கி நீரில் மூழ்கிச் சாகிறாள். சாவைப் பற்றி அவ்வளவு நுட்பமாகப் பேசத் தெரிந்தவனுக்கு எதிரில் நிற்பவளின் நிலை தெரியவில்லை. பேச்சை மட்டும் பிரித்தெடுத்தால் இந்தக் குற்றச்சாட்டு காணாமல் போகிறது.

1889: மேடை மறுத்த சாவு

‘ரோமியோ ஜூலியட்’ தொடங்கும்போதே கட்டியங்காரன் ஒருவன் வந்து, இந்தக் காதலர்கள் சாகப் போகிறார்கள் என்று பதினான்கு வரிகளில் அறிவித்துவிடுகிறான். முடிவு தெரிந்தபிறகுதான் பார்வையாளர் காதல் பேச்சைக் கேட்கத் தொடங்குகிறார். அவர்கள் கொஞ்சிக்கொள்ளும் ஒவ்வொரு சொல்லிலும் கல்லறை வாடை அடிப்பது அதனால்தான்.

இந்த நாடகத்தை சி. ஆனந்தராவ் ‘ராமவர்ம லீலாவதி’ என்று 1889-ல் கன்னடத்தில் ஆக்கியபோது, இறந்த காதலர்கள் தெய்வ அருளால் உயிர்பெற்று எழுந்தார்கள். நாடகம் மங்களமாக முடிந்தது. இதை அறியாமை என்று எள்ளிவிட முடியாது. நாயகனின் சாவை மேடையில் காட்டலாகாது என்பது பரதரின் நாட்டிய சாஸ்திரம் வழிவந்த கட்டுப்பாடு. வடமொழி நாடக மரபில் ஊறிய அரண்மனைப் புலவர்கள் வகுத்த பாதையில்தான் புதிய கன்னட மேடை நடந்தது. அவையோரைத் துக்கத்தோடு வீட்டுக்கு அனுப்புவது அபசகுனம்.

இங்கிலாந்தும் இதைத்தான் செய்தது. ஷேக்ஸ்பியர் மறைந்து அரை நூற்றாண்டு ஆவதற்குள் ஜேம்ஸ் ஹோவர்டு என்பவர் ரோமியோவையும் ஜூலியட்டையும் உயிரோடு விட்டுவிடும் வடிவம் ஒன்றை எழுதினார். லண்டனில் ஒரு நாள் சாவு, மறுநாள் வாழ்வு என்று இரண்டும் மாறி மாறி நடிக்கப்பட்டன. 1681-ல் நேகம் டேட் ‘லியர் அரச’னைத் திருத்தி எழுதினார். அதில் லியரின் மகள் கார்டீலியா சாகவில்லை, எட்கரை மணக்கிறாள். ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகள் ஆங்கில மேடையை ஆண்டது இந்த மங்கள லியர்தான். 1838-ல் மக்ரெடி என்ற நடிகர் ஷேக்ஸ்பியரின் மூல நாடகத்தை மேடைக்குத் திரும்பக் கொண்டுவந்தார். கார்டீலியாவின் சாவைத் தாங்க முடியாதவர்களில் டாக்டர் ஜான்சனும் ஒருவர். ஆகவே ஆனந்தராவின் கை செய்த வேலை மைசூருக்கு மட்டும் உரியதன்று. ஷேக்ஸ்பியரின் சாவுகளை ஷேக்ஸ்பியரின் நாட்டாரே பொறுத்துக்கொள்ளவில்லை.

செய்யுளில் உண்டு, தெருவில் உண்டு, மேடையில் இல்லை

காதலையும் சாவையும் சேர்த்துப் பார்ப்பது நம் இலக்கியத்துக்குப் புதிதா என்றால் இல்லை. தொல்காப்பியம் களவியலில் காதல் கொண்டோர் படும் நிலைகளை அடுக்கிக்கொண்டே போய்ச் சாக்காட்டில் நிறுத்துகிறது. மடலேறுவேன் என்று மிரட்டும் சங்கத் தலைவன் ரோசலிண்டின் கேலிக்கு நல்ல இலக்காகியிருப்பான். மிரட்டல் மிகுதி, ஏறியவர் அரிது. பாண்டியன் நெடுஞ்செழியன் அரியணையில் விழுந்து உயிர்விட்ட கணத்தில் கோப்பெருந்தேவியும் உயிர்விடுவதைச் சிலப்பதிகாரம் எவ்விதத் தயக்கமும் இன்றிச் சொல்கிறது.

கற்றோர் மேடைக்கு வெளியிலும் சாவு ஆடிக்கொண்டிருந்தது. வட தமிழ்நாட்டில் திரௌபதி அம்மன் கோயில்களின் பாரதக் கூத்து பதினெட்டாம் போரின் படுகளத்தில் முடிகிறது. ஊர்த் திடலில் மண்ணால் செய்த மாபெரும் துரியோதனன் மல்லாந்து கிடக்க, அவன் தொடை பிளக்கப்படுவதை ஊரே கூடிப் பார்க்கிறது. பெண்கள் ஒப்பாரி வைக்கிறார்கள். அதே திரௌபதி வழிபாட்டின் ஒரு கிளைதான் பெங்களூருப் பேட்டையில், தர்மராயர் கோயிலில், திகளர் சமூகத்தார் சித்திரை முழுநிலவை ஒட்டி எடுக்கும் கரகம். பெங்களூருவில் ஷேக்ஸ்பியரைப் படித்த பட்டதாரிக்கும் அந்தக் கரகத் தெருவுக்கும் இடையே ஒரு மைல் தொலைவுகூட இருந்திருக்காது.

ஆக, சாவைப் பார்க்க மறுத்தவர்கள் மக்கள் அல்லர். புதிய அரங்கு, திரை, நுழைவுச்சீட்டு, கனவான்கள் சபை ஆகியவற்றோடு வந்த கற்றோர் மேடைதான் மறுத்தது. இதை மொழிபெயர்ப்பு வரலாறுகள் போதிய அளவு சொல்வதில்லை. மேற்கிலிருந்து ‘துன்பியல்’ வந்து நமக்குச் சாவைக் காட்டியது என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. நிகழ்ந்தது வேறு: தெருவில் இருந்ததை மேடையில் ஏற்றுவதற்கு நம் படிப்பாளிகளுக்கு ஷேக்ஸ்பியரின் சிபாரிசு தேவைப்பட்டது.

அந்தச் சிபாரிசு முதலில் வேலை செய்தது பெங்களூருவுக்கு வடக்கே, அன்றைய சென்னை மாகாணத்தில் இருந்த பல்லாரியில். அங்கே தர்மவரம் கிருஷ்ணமாச்சார்யுலு நடத்திவந்த சரச வினோதினி சபை 1891-ல் சென்னைக்கு வந்து தெலுங்கு நாடகங்கள் ஆடியது. அதைப் பார்த்துத்தான் பம்மல் சம்பந்த முதலியார் அதே ஆண்டு சுகுண விலாச சபையைத் தோற்றுவித்தார். கிருஷ்ணமாச்சார்யுலுவின் ‘விஷாத சாரங்கதர’ தெலுங்கின் முதல் துன்பியல் நாடகம் என்று போற்றப்படுவது. மாற்றாந்தாயின் தகாத காதலும் அதனால் இளவரசனுக்கு நேரும் கொடுமையும்தான் கதை. பம்மலாரோ ஹாம்லெட்டை ‘அமலாதித்தன்’ ஆகவும், மக்பெத்தை ‘மகபதி’யாகவும், ரோசலிண்டின் நாடகத்தை ‘விரும்பிய விதமே’ என்றும் தமிழ் மேடைக்குக் கொண்டுவந்தார்.

1929: சாகாதவன் சாகிறான்

கன்னடத்தில் இந்தச் சிக்கலை நேருக்கு நேர் எதிர்கொண்டவர் பி.எம். ஸ்ரீகண்டையா. ‘பி.எம்.ஸ்ரீ’ என்றால்தான் கன்னடருக்குத் தெரியும். ஆங்கிலப் பேராசிரியர். பத்தாம் நூற்றாண்டுக் கவி ரன்னனின் காவியத்திலிருந்து ‘கதாயுத்த நாடக’த்தை உருவாக்கித் துரியோதனனைத் துன்பியல் நாயகனாக நிறுத்தினார். படுகளத்தில் ஆண்டுதோறும் செத்துக்கொண்டிருந்த அதே துரியோதனன் இப்போது கற்றோர் மேடைக்கு வந்தான்.

அடுத்த அடி இன்னும் துணிச்சலானது. கிரேக்கக் கவி சோபக்ளீசின் ‘அயாக்ஸ்’ நாடகத்தை 1929-ல் ‘அஸ்வத்தாமன்’ ஆக்கினார். அயாக்ஸ் அவமானம் தாளாமல் தற்கொலை செய்துகொள்பவன். அவனிடத்தில் அஸ்வத்தாமனை வைத்தால் அஸ்வத்தாமனும் சாக வேண்டும். நம் மரபிலோ அவன் ஏழு சிரஞ்சீவிகளில் ஒருவன். யுகம் முடியும்வரை அலைய வேண்டும் என்று கண்ணனால் சபிக்கப்பட்டவன். சிரஞ்சீவி எப்படிச் சாவான் என்று கண்டனம் எழுந்ததில் வியப்பில்லை. பி.எம்.ஸ்ரீயின் தேர்வு தவறுதலாக நேர்ந்ததன்று. நம் புராணத்தில் சாவே இல்லாதவனைத் தேடிப்பிடித்துச் சாகடித்ததன் மூலம், இனி இந்த மேடையில் எவரும் சாகலாம் என்று அவர் விதியை மாற்றி எழுதினார்.

அதன் பலன் உடனே தெரிந்தது. 1932-ல் கன்னடக் கவி குவெம்பு ஹாம்லெட்டைக் கெளதி அரச வரலாற்றுக்குள் இறக்கி ‘ரக்தாட்சி’ எழுதினார். ஒஃபீலியாவின் இடத்தில் வரும் ருத்ராம்பெ நீரில் விழுந்து முடிந்துபோகிறவள் அல்லள், பழிவாங்க எழுகிறவள். நாடகத்தின் தலைப்பே அவளுக்குரியது. ஹாம்லெட்டின் காதலிக்கு ஷேக்ஸ்பியர் தராத வேலையைக் குவெம்பு தந்துவிட்டார். சாவை ஏற்றுக்கொண்ட மேடைக்கு அந்தச் சாவைப் பற்றிக் கேள்வி கேட்கும் தெம்பும் வந்துவிட்டது.

பிளேக் கட்டிய பேட்டைகளில்

பெங்களூருவுக்கு வருவோம். 1898-ல் இந்நகரைப் பிளேக் தாக்கியது. நெருக்கடியான பழைய பேட்டையிலிருந்து மக்களை வெளியே குடியேற்ற வேண்டிய அவசரத்தில் மல்லேஸ்வரமும் பசவனகுடியும் வளர்ந்தன. இன்றும் நகரில் பிளேக் அம்மன் கோயில்கள் இருக்கின்றன.

‘ரோமியோ ஜூலியட்’டில் காதலர்களைக் கொல்வதும் ஒரு வகையில் பிளேக்தான். ஜூலியட் உண்மையில் சாகவில்லை, மயக்க மருந்து உண்டிருக்கிறாள் என்று சொல்லும் கடிதத்தை எடுத்துப்போன துறவியைக் கொள்ளைநோய் ஐயத்தின்பேரில் ஒரு வீட்டுக்குள் அடைத்து வைத்துவிடுகிறார்கள். கடிதம் போய்ச் சேரவில்லை. ரோமியோ நஞ்சு குடிக்கிறான். நவீன வாசகர் இதை வலிந்து புகுத்திய தற்செயல் என்பார். 1592 தொடங்கி இரண்டாண்டுகள் கொள்ளைநோயால் லண்டன் அரங்குகள் பெரும்பாலும் மூடிக்கிடந்ததைப் பார்த்த ஷேக்ஸ்பியருக்கு அது அன்றாடம். 1898-ஐக் கண்ட பெங்களூருக்காரருக்கும், 2020-ல் கதவடைத்து உட்கார்ந்திருந்த நமக்கும் அது புரியாத செய்தியல்ல.

அப்படி வளர்ந்த பசவனகுடிப் பக்கத்தில் வாழ்ந்தவர்கள்தாம் கன்னடத்தின் முக்கியமான ஷேக்ஸ்பியர் மொழிபெயர்ப்பாளர் இருவர். டி.வி. குண்டப்பா 1936-ல் மக்பெத்தைக் கன்னடமாக்கினார். மனைவி இறந்த செய்தி வந்ததும் மக்பெத் அழுவதில்லை. வாழ்வின் பொருளின்மையைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுகிறான். அதைத் தத்துவம் என்று தொகுப்புகள் சேர்த்துக்கொள்கின்றன. அழக்கூட முடியாத அளவுக்குத் தன் கைகளால் தன்னை வறட்டிக்கொண்டவனின் பேச்சு அது. குண்டப்பா இளவயதிலேயே மனைவியை இழந்து மறுமணம் செய்யாமல் வாழ்ந்தவர். வாழ்வின் நிலையாமையைப் பேசும் அவருடைய ‘மங்குதிம்மன கக்க’ 1943-ல் வந்தது. மக்பெத் வெறுமையில் நிற்கும் இடத்திலிருந்து குண்டப்பா அமைதிக்கு வழி தேடினார் என்று இரண்டையும் அடுத்தடுத்துப் படிப்பவர் காணலாம்.

மற்றவர் மாஸ்தி வெங்கடேச ஐயங்கார். வீட்டில் தமிழ், எழுத்தில் கன்னடம். சென்னையில் ஆங்கிலம் எம்.ஏ. படித்தவர். ‘லியர் மகாராஜா’ உட்பட ஷேக்ஸ்பியரின் பல நாடகங்களைக் கன்னடத்துக்குக் கொண்டுவந்தார். 1983-ம் ஆண்டுக்கான ஞானபீட விருது அவருக்குக் கிடைத்தது. 1891 ஜூன் 6-ல் பிறந்து 1986 ஜூன் 6-ல் மறைந்தார். அதேபோல ஏப்ரல் 23-ல் இறந்த ஷேக்ஸ்பியரின் பிறந்தநாளையும் உலகம் ஏப்ரல் 23 என்றே கொண்டாடுகிறது. மாஸ்தியைப்போலவே தமிழ்க் குடும்பத்தில் பிறந்து கன்னட நாடகத்தின் முகத்தை மாற்றிய டி.பி. கைலாசம் ஆங்கிலத்திலும் நாடகம் எழுதினார். அவருடைய ‘கீசக’னில் பாரதத்தின் காமுகன் காதலனாக உயர்ந்து சாகிறான். ஷேக்ஸ்பியரிடமிருந்து இவர்கள் எடுத்துக்கொண்டது வாசகங்களை அல்ல. தோற்றவனையும் கெட்டவனையும் அவன் சாவின் வழியாகப் பார்க்கும் கண்ணை.

வகுப்பறையும் சிறைச்சாலையும்

வாசகங்களை எடுத்துக்கொண்டவை வகுப்பறைகள். மைசூரில் வாழ்ந்த தமிழர் ஆர்.கே. நாராயண், மனைவி ராஜம் 1939-ல் டைபாய்டில் இறந்தபின் எழுதிய நாவல் ‘தி இங்கிலீஷ் டீச்சர்’ (1945). அதன் நாயகன் கிருஷ்ணன் கல்லூரியில் லியர் நாடகம் நடத்துகிறவன். சாவைப் பற்றிய உயர்ந்த வரிகளைப் பையன்களுக்குக் குறிப்பெடுக்கச் சொல்பவனின் வீட்டுக்கே சாவு வருகிறது. பாடமாக வைத்திருந்த எதுவும் அப்போது உதவுவதில்லை. கடைசியில் வேலையை விட்டுவிடுகிறான். அவன் கோபம் ஷேக்ஸ்பியர் மீது அல்ல, அவரைக் குறிப்பேடாக்கிய படிப்பின் மீது.

அதே மைசூரில், மத்தியச் சிறையில், ஷேக்ஸ்பியரின் வரிகள் வேறு விதமாக உயிர்பெற்றன. எச்.எஸ். சிவப்பிரகாஷ் மக்பெத்தைத் தழுவிக் கன்னடத்தில் எழுதிய ‘மாரநாயகன திருஷ்டாந்த’த்தை ஹுலுகப்ப கட்டிமனி இயக்க, தண்டனைக் கைதிகள் நடித்தார்கள். கொலை செய்துவிட்டுத் தூக்கம் தொலைத்த தலைவனின் பேச்சைக் கொலைக் குற்றத்துக்காகச் சிறையில் இருப்பவர் பேசும்போது, பார்வையாளர் அதைப் பொன்மொழியாகக் குறித்துக்கொள்ள முடியாது. யார் பேசுகிறார் என்பதை அங்கே மறக்கவே வழியில்லை. ஷேக்ஸ்பியரின் சொல்லுக்கு அதன் எடையைத் திருப்பித் தந்த மேடை அது.

தீர்ப்பு

நூற்றாண்டுக்கும் மேலான இந்த அனுபவம் ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறது. காதலர்களை உயிர்ப்பித்தபோது கன்னட மேடைக்கு ஓர் இனிய கதை கிடைத்தது, ஷேக்ஸ்பியர் கிடைக்கவில்லை. சிரஞ்சீவியைச் சாகவிட்டபோது ஷேக்ஸ்பியரைப் பெயர் சொல்லாமலே பெற்றுக்கொண்டது. காதல் பேச்சுக்கு விலை உண்டு, அந்த விலையைப் பேசியவரோ கேட்டவரோ செலுத்தியாக வேண்டும் என்பதுதான் அவருடைய நாடகங்களின் கணக்கு. மேற்கோள் தொகுப்புகள் வரவை மட்டும் எழுதிச் செலவை விட்டுவிடுகின்றன.

பெங்களூரு ஜே.பி. நகரில் ரங்க சங்கரா என்ற அரங்கு 2004 முதல் இயங்கிவருகிறது. 1990-ல் தமது 35-ம் வயதில் சாலை விபத்தில் மறைந்த நடிகர் சங்கர் நாகின் நினைவாக, அவர் மனைவி அருந்ததி நாக் முன்னின்று எழுப்பியது. திங்கள் தவிர மற்ற நாட்களில் ஏதாவது ஒரு மொழியில் நாடகம் இருக்கும். நாடகம் தொடங்கிய பிறகு வருகிறவரை உள்ளே விடுவதில்லை. அந்த விதி ஷேக்ஸ்பியருக்கு மிகவும் பொருந்தும். ‘ரோமியோ ஜூலியட்’டின் முதல் பதினான்கு வரிகளைத் தவறவிட்டவர் பிறகு கேட்கும் காதல் பேச்சு முழுவதையும் தவறாகத்தான் கேட்பார்.

அடுத்த முறை காதலைப் பற்றியோ சாவைப் பற்றியோ ஷேக்ஸ்பியரை எடுத்தாள நினைப்பவர், அதை யார், யாரிடம், எப்போது சொல்கிறார் என்ற மூன்றையும் முதலில் பார்த்துக்கொள்ளட்டும். கல்யாணப் பத்திரிகைக்கு ஒதெல்லோவின் வாசகம் வேண்டாம்.